மிதப்புப் பல்லும் பட்டப்பெயரும்

மேல்தாடையின் வேட்டைப்பல் வெளிவருவது 11 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில். வெட்டும்பற்களெல்லாம் இடம்பிடித்த பிறகு வருவதால், தாடை சிறுத்திருந்தால் அதற்கு இடம் கிடைக்காது. மேலே ஏறி, தெத்துப்பல்லாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை முடித்துத் தரம் ஆறுக்குப் பெரிய பாடசாலைக்குப் போவதும் இந்த வயதில்தான். புதிய வகுப்பு, புதிய கூட்டாளிகள், புதிய பட்டப்பெயர். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் நேரமும் அப்போதுதான் கூடுகிறது. இலங்கை அரசின் பாடசாலைப் பல் சிகிச்சைச் சேவையோ ஒரு பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பது 13 வயது வரைக்கும்தான். பல் கோணுவதும், அது மனத்தில் தைப்பதும், பார்க்க வேண்டிய கை விலகுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்துவிடுகின்றன.

திருகோணமலை மாவட்டத்தின் குறிஞ்சாக்கேணி போன்ற ஊரில் இதன் பாரம் இன்னும் கூடுதல். கிண்ணியாப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர் இது. கிண்ணியா நகரத்துக்குப் போவதற்கே நடுவில் களப்பு நீரைக் கடக்க வேண்டும். அங்கிருந்து திருகோணமலைக்குப் போக, 2009 இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்தைத் தாண்ட வேண்டும். பல்லைப் பிடுங்கவும் அடைக்கவும் பக்கத்திலேயே ஆளுண்டு. பல்சீரமைப்பு நிபுணர் இருப்பது பெரிய வைத்தியசாலைகளில். கம்பி போட்டால் மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ கிளினிக் தவணை வரும். ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளைக்கு ஒரு பாடசாலை நாள் போகும், கூடப்போகும் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஒரு நாள் உழைப்பு போகும். ஆகவே இங்கே ஒரு குடும்பம் கேட்கும் கேள்வி நேரானது: இவ்வளவு பாடுபட்டுப் பல்லை நேராக்கினால் பிள்ளையின் மனமும் நேராகுமா?

இதற்கு 'ஆம்' என்று சொல்கிற விளம்பரங்கள் ஏராளம். புன்னகை மாறினால் வாழ்க்கை மாறும் என்கின்றன. 'இல்லை, பல்லுக்கெல்லாம் அழுவதா' என்று பிள்ளையின் வாயை அடைக்கிற பெரியவர்களும் ஏராளம். கடந்த நாற்பது வருட ஆய்வுகளைப் பொறுமையாக வாசித்தால் இரண்டு தரப்பும் தவறு என்பது தெரியவரும்.

முதலில் பகிடியைப் பார்ப்போம். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் முன்னுக்குத் தள்ளிய பல்லுள்ள பிள்ளைக்கு 'மிதப்புப் பல்லன்' என்றோ 'முயல்' என்றோ 'திருவலை' (தேங்காய் துருவி) என்றோ பெயர் விழும். பெயர் வைத்தவன் மறுநாளே மறந்துவிடுவான், பெயரைச் சுமப்பவனுக்கோ அது பாடசாலையை விட்டுப் போகும்வரை கூடவே வரும். வில்லியம் ஷாவும் அவருடைய கூட்டாளிகளும் வேல்ஸ் நாட்டில் 9 முதல் 13 வயது வரையான 531 பிள்ளைகளிடம் பட்டப்பெயர்களைப் பற்றியும் கேலியைப் பற்றியும் கேட்டு 1980 இல் வெளியிட்டார்கள். கேலிக்கு இலக்காகும் உடற்கூறுகளில் உயரம், எடை, முடி ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவதாகத்தான் பல் வந்தது. ஆனால் பல்லைச் சொல்லிச் செய்த கேலிதான் மற்றவற்றைவிட ஆழமாக நோகடித்தது. உயரத்தையோ எடையையோ காலம் மாற்றிவிடும் என்று ஒரு பிள்ளை தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். பல்லோ பேசும்போதும் சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும் தானாக வெளியே வந்து நிற்கிறது.

எங்களுக்குப் பண்பாட்டில் இன்னும் நெருக்கமான ஓர் ஊரின் ஆய்வும் உண்டு. ஜோர்தானின் தலைநகர் அம்மானில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 920 பேரிடம் நடந்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அவர்களில் 47 சதவீதமானோர் சக மாணவரின் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். தொல்லைக்குக் காரணமாகப் பிள்ளைகள் சொன்ன உடற்கூறுகளில் அங்கே பல்தான் முதலிடம். பற்களுக்கிடையிலான இடைவெளி அல்லது விழுந்த பல், பல்லின் நிறமும் வடிவமும், தூக்கிய மேல் முன்பற்கள் என்று அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். பிரிட்டனின் வைத்தியசாலைகளுக்குக் கம்பி போட வந்த 10 முதல் 14 வயது வரையான 336 பிள்ளைகளை ஜட்பிந்தர் சீராவும் கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, 12.8 சதவீதமானோர் தொல்லைக்கு ஆளானவர்களாக இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சுயமதிப்பும் தாழ்ந்தே இருந்தது.

ஆக, வலி கற்பனையல்ல. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளை, குழுப்படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை, விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளை ஆகியோரை ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள். 'கூச்ச சுபாவம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இனி மறுபக்கம். பல்சீரமைப்பின் உளப்பயனைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கார்டிஃப் ஆய்வு. 1981 இல் வேல்ஸ் நாட்டுப் பாடசாலைகளிலிருந்து 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரைத் தேர்ந்தார்கள். பற்களை அளந்தார்கள். சுயமதிப்பு, மனச்சோர்வு, மற்றவரோடு பழகும் பாங்கு எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டுப் பெற்றவர்கள், தேவைப்பட்டும் பெறாதவர்கள், தேவைப்படாதவர்கள் என்று காலம் அவர்களைப் பிரித்துவைத்தது. இருபது வருடங்கள் கழித்து, முப்பது வயதை ஒட்டி மீண்டும் தேடிப் போனபோது 337 பேர் கிடைத்தார்கள். ஷாவும் உளவியலாளர் பமேலா கெனீலியும் கூட்டாளிகளும் 2007 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கம்பி போட்டவர்களின் பற்கள் நேராக இருந்தன. தங்கள் பல்லைப் பற்றிய திருப்தியும் அவர்களுக்குக் கூடுதல். ஆனால் வளர்ந்த பிறகான மன நலத்தில், சிகிச்சை பெற்றதால் வந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு ஏறக்குறைய எதுவும் இல்லை. தேவையிருந்தும் கம்பி போடாதவர்கள் மனமுடைந்து போய்விடவில்லை. முப்பது வயதின் சுயமதிப்பைத் தீர்மானித்தவை, பல்லோடு சம்பந்தமில்லாத வேறு உளக்காரணிகள்.

இந்த ஆய்வைக் காட்டி, 'பார்த்தீர்களா, கம்பி வீண்செலவு' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு என்பேன். 1,018 பேரில் மூன்றிலொரு பங்கினரே கடைசிவரை கிடைத்தார்கள். கிடைக்காமல் போனவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை. அன்றைய பிரிட்டனில் நடந்த சிகிச்சையில் பெரும்பகுதி கழற்றிப்போடும் தட்டுகளால் நடந்தது, அதன் தரம் இன்றையது போன்றதல்ல. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த ஆய்வு எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரியைச் சொல்கிறது என்பது. பல் கோணலாக இருந்தும் யாரும் கேலி செய்யாத பிள்ளையும், தினமும் 'திருவலை' என்று கூப்பிடப்பட்ட பிள்ளையும் அந்தச் சராசரியில் ஒன்றாகக் கரைந்துபோகிறார்கள்.

கரையாமல் தனியாகப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சீராவின் ஆய்வில் தொல்லைக்கு ஆளான பிள்ளைகளில் 27 பேரைச் சிகிச்சை தொடங்கிய பிறகு மீண்டும் கேட்டு 2013 இல் எழுதினார்கள். பல்லைச் சொல்லித் தொல்லை தருவது நின்றுவிட்டது என்று 21 பேர் சொன்னார்கள், அதாவது 78 சதவீதம். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. பிள்ளைகள் வளர வளரத் தொல்லை தானாகவும் குறையும். ஆனாலும் இதை நான் ஒதுக்கமாட்டேன். கேலி நடக்கிற வருடத்தில் அந்தக் கேலியை நிறுத்துவது, முப்பது வயதில் எதையும் மாற்றாவிட்டாலும், தன்னளவில் ஒரு நன்மை. பதின்மூன்று வயதில் அழுத பிள்ளை முப்பது வயதில் நன்றாகத்தானே இருக்கிறான் என்று சொல்லி அந்த அழுகையைக் கணக்கிலிருந்து கழிக்க யாருக்கும் உரிமையில்லை.

டொரன்டோவில் ஷொரூக் அகூவும் டேவிட் லாக்கரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வுகள் இந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் அவிழ்க்கின்றன. 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் வாயாலும் பல்லாலும் அவர்களின் அன்றாட வாழ்வு எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று கேட்கும் வினாக்கொத்து ஒன்று அங்கேதான் 2002 இல் உருவானது. வலி, மெல்லுதல், மனநிலை, கூட்டாளிகளோடு பழகுதல் ஆகிய நான்கு பக்கங்களையும் அது கேட்கிறது. அதைக் கொண்டு பார்த்தபோது, பல் எவ்வளவு கோணல் என்று வைத்தியர் அளந்த அளவைவிட, பிள்ளையின் சுயமதிப்பு எப்படி இருந்தது என்பதுதான் அதன் துன்பத்தைக் கூடுதலாக விளக்கியது. உறுதியான மனமுள்ள பிள்ளை சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் சமாளித்துக்கொண்டது. மனநலம் ஏற்கெனவே தாழ்ந்திருந்த பிள்ளை, சிகிச்சையும் கிடைக்காதபோது, இன்னும் கீழே போனது.

வைத்தியசாலைகளில் சிகிச்சைத் தேவையைத் தீர்மானிக்க ஓர் அளவுகோல் உண்டு. 1989 இல் புரூக் என்பவரும் மேலே சொன்ன ஷாவும் வகுத்தது, உலகெங்கும் பல்சீரமைப்பு வைத்தியர்கள் படிப்பது. மேல் முன்பல் கீழ் முன்பல்லை விட 6 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நின்றால் நான்காம் படி, 9 மில்லிமீற்றருக்கு மேலே போனால் ஐந்தாம் படி. பத்துப் புகைப்படங்களைக் காட்டித் தோற்றத்துக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். பொதுப்பணத்தைப் பங்கிட ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் 5 மில்லிமீற்றர் தள்ளிய பல்லால் பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளையும், 9 மில்லிமீற்றர் தள்ளியிருந்தும் உதைபந்தாட்டத்தில் கலகலவென்று சிரிக்கும் பிள்ளையும் இருக்கிறார்கள். அளவுகோலின் மில்லிமீற்றர் அவர்களை மாற்றி வரிசைப்படுத்திவிடும். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் வரிசை திருந்தும்.

கிண்ணியாப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னொரு கேள்வியும் எழும், அதைக் கடந்துபோவது சரியல்ல. அல்லாஹ் படைத்த பல்லை மாற்றுவது ஆகுமா என்பதே அது. கேள்விக்கு ஆதாரம் இருக்கிறது. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குகிறவர்களைக் கண்டித்து, அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதைக் கேட்டு வளர்ந்த உம்மா, மகளுக்குக் கம்பி போடத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி, 13 ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். விலக்கப்பட்டது அழகை மட்டும் நாடிச் செய்வது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ என்றால் குற்றமில்லை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற நபித்தோழர் வெள்ளியால் மூக்கு வைத்துக்கொண்டார் என்றும், அது நாற்றமெடுத்தபோது தங்கத்தால் வைத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள் என்றும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில், முகத்தின் குறையைச் சரிசெய்வதற்கு அந்த விலக்கே தளர்த்தப்பட்டது. பிள்ளை கூட்டத்துக்கு வர அஞ்சி ஒதுங்கும் அளவுக்கு அதன் பல் அதை வருத்துமானால், அதுவும் சிகிச்சைக்குரிய குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. அவர்களிடம் கேள்வி போகும்போது பல்லின் கோணலோடு பிள்ளையின் நிலையும் சேர்ந்து போக வேண்டும்.

ஒருவரையொருவர் பரிகசிக்க வேண்டாம், தீய பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்ற கட்டளை சூரத்துல் ஹுஜுராத்தில் இருப்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பல்லை மாற்றலாமா என்று கவலைப்படும் அளவுக்கு, வகுப்பறையில் 'மிதப்புப் பல்லன்' என்று கூப்பிடுவதைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்படுவதைக் காணோம். மத்ரஸாவிலும் ஜும்ஆ மேடையிலும் சொல்லத்தக்க விஷயம் அது. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கம்பி போடச் செலவாகும் பணத்தில் எத்தனை வகுப்புகளின் நாக்கை அடக்கிவிடலாம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

சிகிச்சையே மனத்தை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல்லை நகர்த்துவது என்பது எலும்பைக் கரைத்து எலும்பைக் கட்டுவது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்து எலும்பைச் சில உயிரணுக்கள் கரைக்கின்றன, விட்டுவந்த பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். ஆகவே நிலையான கம்பியால் செய்யும் முழுச் சிகிச்சைக்குச் சராசரியாக 20 மாதங்கள் பிடிக்கின்றன. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் சில மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கும். நோன்பு காலத்தில் இறுக்கினால் பகலில் வலிமாத்திரை போட வழியில்லை. தவணையைப் பெருநாளுக்குப் பிறகு தள்ளிவைக்கக் கேட்டால் எந்த வைத்தியரும் மறுக்கமாட்டார், ஆனால் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பனங்கிழங்கின் நார் கம்பியில் சிக்கிக்கொள்ளும். கொய்யாவையும் மாங்காயையும் கடித்துத் தின்ன முடியாது, சீவித்தான் தின்ன வேண்டும். இடைவேளையில் கூட்டாளிகள் உப்பும் தூளும் தொட்டு மாங்காய் கடிக்கும்போது தள்ளி நிற்பதும் ஒரு விதத் தனிமைதான்.

கழற்றிப்போடும் தட்டு வேறு வகை. அண்ணத்தில் ஒட்டி உட்காரும் இளஞ்சிவப்பு அக்ரிலிக் தட்டு, முன்பற்களின் குறுக்கே ஓடும் வளைந்த கம்பி, கடைவாய்ப் பற்களைக் கவ்வும் இரண்டு கொளுக்கிகள். போட்ட முதல் நாட்களில் எச்சில் ஊறும், நாக்குக்கு இடம் தெரியாது. குர்ஆன் ஓதலில் எழுத்துகளின் பிறப்பிடம் பிசகாமல் உச்சரிக்கப் பழகிய பிள்ளைக்கு 'ஸீன்', 'ஸாத்' எல்லாம் வழுக்கும். ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் முன்னால் ஓத வெட்கப்பட்டுத் தட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி வைக்கும். கைலேஞ்சி சலவைக்குப் போகும், தட்டு காணாமல் போகும். உண்மையில் சத்தமாக வாசிப்பதுதான் தட்டுக்கு நாக்கைப் பழக்கும் வழி, வைத்தியர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஹஸ்ரத்துக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, இரண்டு வாரம் பிழை பொறுக்கச் சொன்னால், ஓதலே பயிற்சியாகிவிடும்.

கம்பி போட்ட பிறகு சில காலத்துக்குப் பிள்ளையின் வாழ்வு இன்னும் கடினமாகும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். மிதப்புப் பல்லனாக இருந்தவன் 'கம்பிவேலி' ஆவான். துலக்காவிட்டால் பல்லில் வெள்ளைத் திட்டுகள் நிரந்தரமாக விழும். கம்பி கழன்ற பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க ரிட்டெய்னரை வருடக்கணக்கில் போட வேண்டும். இவ்வளவையும் தாங்கும் விருப்பம் பிள்ளைக்கே இல்லாவிட்டால், பெற்றோரின் விருப்பத்தில் தொடங்கிய சிகிச்சை பாதியில் நின்றுபோகும், பாதியில் நின்ற பல் பழையதைவிட மோசமாக இருக்கும்.

பணமும் இதில் சேர்கிறது. கம்பி, பிறக்கெட், ஒட்டும் பசை எல்லாம் இறக்குமதி. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. தனியார் கிளினிக்கில் கம்பி போடுவது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாமல் போனது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். 13 வயதில் பெயர் பதிந்த பிள்ளை காத்திருந்து சாதாரண தரப் பரீட்சையை நெருங்கிவிடும். கேலியின் காலம் அதற்குள் கழிந்தும் போகலாம், காயம் ஆழமாகியும் போகலாம்.

காத்திருக்கக் கூடாத பிள்ளைகள் யார் என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவர்களை. உலகில் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று இப்படி அமைகிறது. இந்தத் துறையில் இலங்கைக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. லண்டனின் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் வைத்தியசாலையின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ் 1984 இல் காலியில் தொடங்கிய திட்டத்தில், சத்திரசிகிச்சையே பெறாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்களைப் பார்த்தார். ஐரோப்பாவில் குழந்தையிலேயே சத்திரசிகிச்சை பெற்றவர்களின் மேல்தாடை வளர்ச்சி குன்றி முகம் குழிந்திருந்தது. இலங்கையில் எந்தக் கத்தியும் படாமல் வளர்ந்தவர்களின் மேல்தாடையோ இயல்பாக வளர்ந்திருந்தது. வளர்ச்சி குன்றியதற்குப் பிறவிக் குறையைவிடச் சத்திரசிகிச்சையின் தழும்பே பெரிய காரணம் என்று 1990 இல் ஹியூஸ்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதியது, அண்ணச் சத்திரசிகிச்சையைப் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றியது. அந்தப் பெரியவர்களின் முகத்தை அளந்த எண்கள் பாடநூல்களில் இருக்கின்றன. பேச்சு தெளிவில்லாமல், பாடசாலையில் பெயர் சொல்லவே கூசி, அவர்கள் கழித்த பதின்வயது எந்த அட்டவணையிலும் இல்லை. இன்று அந்தக் குறையோடு பிறக்கும் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை கிடைக்கிறது. அதன் பிறகு தாடையையும் பல்லையும் சீரமைக்கும் பல வருடத் தொடர்சிகிச்சை இருக்கிறது. அதற்குத் தொலைவூர்ப் பிள்ளை வருவதைத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாவது வகை, தூக்கிய முன்பல் அடிபடும் ஆபத்தில் உள்ளவர்கள். தள்ளிய முன்பல்லுக்குச் சிறுவயதிலேயே செய்யும் சிகிச்சை, விழுந்தெழும்பிப் பல் உடைவதைக் குறைக்கிறது என்று கொக்ரேன் தொகுப்பாய்வு 2018 இல் உறுதிசெய்தது. வேறு நன்மைகளில், காத்திருந்து பதின்வயதில் செய்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 174 பேரை வைத்துக் கெவின் ஓ'பிரையன் நடத்திய பரிசோதனையும் இதையே சொல்கிறது. சிறுவயதிலேயே சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் தன்னம்பிக்கை கூடியது, கேலியும் குறைந்தது. ஆனால் பிந்தித் தொடங்கியவர்களும் சிகிச்சையை முடித்த பிறகு பார்த்தபோது இரு குழுவினரும் ஒரே இடத்தில் நின்றார்கள். கேலியும் அடிபடும் ஆபத்தும் இல்லாத பிள்ளையை அவசரப்படுத்த வேண்டியதில்லை என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

மூன்றாவது வகையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பல்லைப் பற்றிப் பேசுகிற பிள்ளையின் துயரம் பல்லில் இல்லாமலும் இருக்கலாம். 2021 நவம்பர் 23 அன்று காலை, புதிய பாலத்துக்காகப் பழைய பாலத்தை அகற்றியிருந்த குறிஞ்சாக்கேணியில், ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோன மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். அந்தக் காலையில் கரையில் நின்ற பிள்ளைகளும், தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட பிள்ளைகளும் இப்போது பதின்வயதில் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் கிண்ணியா பட்ட அடியை அவர்களின் பெற்றோர் சுமக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை சிரிப்பதை நிறுத்தினால், இரவில் பல்லை நெறுநெறுவென்று கடித்தால், கண்ணாடியைப் பார்க்கவே மறுத்தால், அதற்குக் கம்பிதான் மருந்து என்று முதல் தவணையிலேயே முடிவுகட்டக் கூடாது. தோற்றத்தில் இல்லாத குறையை இடைவிடாமல் காணும் மனநோயும் ஒன்று உண்டு. லண்டனில் கம்பி போட வந்த வயதுவந்தோர் 40 பேரில் 7.5 சதவீதமானோரிடம் அதை ஹெப்பர்னும் கனிங்ஹமும் 2006 இல் கண்டார்கள், பொதுமக்களிடம் கண்டது 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நோயுள்ளவருக்குப் பல் எவ்வளவு நேரானாலும் திருப்தி வராது. அவர் போக வேண்டியது மனநல வைத்தியரிடம்.

குறிஞ்சாக்கேணியில் இன்றே செய்யக்கூடியது என்ன? நியூசிலாந்து 1921 இல் தொடங்கிய பாடசாலைப் பல் தாதியர் முறையை, கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 1950 களில் இலங்கை எடுத்துக்கொண்டது. மஹரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் அப்போதிருந்து சொத்தைப் பல்லைப் பார்த்துவருகிறார்கள். 12 வயதுப் பிள்ளையின் வாயைக் கடைசியாகத் திறந்து பார்க்கும் அரசாங்க ஊழியர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான். அந்தக் கடைசிப் பரிசோதனையில் சொத்தையை எண்ணுவதோடு, முன்பல் எத்தனை மில்லிமீற்றர் தள்ளியிருக்கிறது என்று ஒரு சிறு அளவுக்கோலால் அளக்கலாம். பிறகு உம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாக மூன்று கேள்வி கேட்கலாம்: பல்லைச் சொல்லி யாராவது பகிடி பண்ணுகிறார்களா? அதனால் ஏதாவது செய்யாமல் விடுகிறாயா? பல்லைச் சரிசெய்ய உனக்கு விருப்பமா, வீட்டில் சொல்லியா வந்தாய்? அளவும் அந்த மூன்று பதிலும் ஒரு துண்டில் எழுதப்பட்டால், கிண்ணியாவிலிருந்து நிபுணருக்குப் போகும் கடிதத்தில் அதையும் சேர்க்கலாம். முதல் கேள்விக்கு 'ஆம்' சொன்ன பிள்ளையின் பெயர், பாடசாலையில் ஆலோசனை வழங்கும் ஆசிரியருக்கும் போகலாம். கம்பிக்கு வருடங்கள் ஆனாலும், பட்டப்பெயரை நிறுத்த அந்த ஆசிரியருக்கு ஒரு காலைக் கூட்டம் போதும். பதிலில் பல்லைத் தாண்டிய துயரம் தெரிந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் அதே துண்டில் இருக்க வேண்டும். ஒரே பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தவணை கொடுத்தால், ஐந்து குடும்பத்துக்கு ஒரு வாகனம் பேசிக்கொண்டு ஒரு பெரியவர் கூட்டிப்போய் வரலாம், மற்ற நான்கு பேரின் நாட்கூலி தப்பும்.